மாரத்தான் முடிந்து ரிசல்ட் வந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் காலை ஓட்டக் குழுவில் பேச்செல்லாம் ரிசல்ட்டைப் பற்றித்தான். பெசன்ட் நகரில் ஓடி முடித்து டீக்கடையில் நிற்கும்போதும், இரவு வாட்ஸாப்பிலும் அதே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தன. சிலர் இரண்டு நிமிட வித்தியாசத்துக்காக வாடிப்போயிருந்தார்கள். ரிசல்ட்டைச் சரியாகப் படித்திருந்தால் அந்த வாட்டம் தேவையில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன். ஒன்பது ஃபுல் (முழு மாரத்தான்) முடித்திருக்கிறேன், ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன்.

ரிசல்ட்ல ரெண்டு டைம் போட்டிருக்கு. எது என்னோடது?

சிப் டைம்தான் உங்களுடையது. போட்டி அதிகாரபூர்வமாகத் தொடங்கிய நொடியிலிருந்து கணக்கிடுவது கன் டைம். கூட்டத்தின் பின்பகுதியில் நின்றவர் ஸ்டார்ட் கோட்டைத் தொடவே ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களும் கன் டைமில் சேர்ந்துவிடும். பிப்பில், அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் தாளில், ஒட்டியிருக்கும் சிப், ஸ்டார்ட் கோட்டில் அதைப் படிக்கும் விரிப்பை நீங்கள் தாண்டியதிலிருந்து ஃபினிஷ் விரிப்பைத் தாண்டும் வரை எடுத்த நேரத்தைச் சொல்கிறது. பெர்சனல் பெஸ்ட் என்று நீங்கள் எழுதி வைக்க வேண்டியது அதைத்தான்.

பரிசுக்குரிய முதல் இடங்களைப் பெரும்பாலும் கன் டைமை வைத்தே முடிவு செய்வார்கள். முதலில் கோட்டைத் தொட்டவரே வென்றவர் என்பதுதான் ஓட்டப்பந்தயத்தின் அடிப்படை.

10 கிமீ ஓடினேன். மாரத்தான் ஓடினேன்னு சொல்லலாமா?

மாரத்தான் என்றால் 42.195 கிமீ, ஹாஃப் என்றால் அதில் பாதி. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையிலிருந்து அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்த மாடத்தின் எதிர்ப்புறம் வரை ஓடிய தூரம் அது. 1921ல் அதுவே நிலையான அளவானது. நீங்கள் ஓடியது 10கே. அதை 10கே என்றே பெருமையாகச் சொல்லுங்கள். நன்றாக ஓடிய 10கே, இழுத்துப் பிடித்து நடந்து முடித்த ஃபுல்லை விடக் கடினமான உழைப்பு என்பது என் கருத்து.

வாட்ச்ல 42.7 காட்டுது. பாதையைத் தப்பா அளந்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. சான்றிதழ் பெற்ற பாதையை ஜிபிஎஸ்ஸால் அளப்பதில்லை. சக்கரச் சுற்றை எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறு கருவியை சைக்கிளில் பொருத்தி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரத்தை ஒட்டி ஓட்டி அளக்கிறார்கள். தூரம் தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஃபுல்லுக்கு அது சுமார் 42 மீட்டர். நாம் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை. ஆட்களைச் சுற்றிப் போகிறோம், தண்ணீர் மேசைக்காக ரோட்டின் அந்தப் பக்கம் போகிறோம், வளைவை அகலமாக எடுக்கிறோம். அதோடு வாட்ச்சின் சொந்தப் பிழையும் சேர்கிறது.

இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காததால்தான் பலர் இலக்கைக் கோட்டை விடுகிறார்கள். 4:30ல் (4 மணி 30 நிமிடம்) முடிக்க கிலோமீட்டருக்கு 6:24 (6 நிமிடம் 24 வினாடி) வேண்டும். வாட்ச்சில் 6:24 பார்த்துக்கொண்டே அச்சுப் பிசகாமல் ஓடியவருக்கு, வாட்ச் 42.195 காட்டும்போது ஃபினிஷ் இன்னும் 500 மீட்டர் தள்ளி இருக்கும். அவர் 4:33ல்தான் முடிப்பார். அடுத்த முறை வாட்ச்சில் 6:19, 6:20 வைத்து ஓடுங்கள். இல்லையென்றால் பாதையோரக் கிலோமீட்டர் பலகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்ட்ராவா ஆப்ல 4:26, ரிசல்ட்ல 4:41. பதினஞ்சு நிமிஷம் எங்க போச்சு?

வாட்ச்சில் ஆட்டோ பாஸ் (நின்றால் தானாக நேரத்தை நிறுத்தும் அமைப்பு) போட்டு வைத்திருப்பீர்கள். கால் நீட்டி நின்றதும் கழிவறை வரிசையில் நின்றதும் அதில் கழிந்துவிட்டன. போட்டியில் நின்ற நேரமும் போட்டி நேரம்தான். 4:41 என்று எழுதுங்கள். ஸ்டார்ட்டுக்கு முன்பே அந்த அமைப்பை அணைத்துவிடுவது நல்லது.

முதல் பாதி 2:05, ரெண்டாம் பாதி 2:41. எங்க தப்பு நடந்துச்சு?

இந்த வருடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எண்கள்தான் ஆளுக்கு ஆள் மாறின. 30, 32வது கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாகப் போகும். அப்புறம் கால் ஈயக்குண்டாகிவிடும். ஓட்டக்காரர்கள் இதைச் சுவர் என்பார்கள். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, அவர் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தோராயமாக ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு முழுத் தூரத்துக்கும் சுமார் 2,950 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்திருப்பதோ ஏறக்குறைய 2,000 கலோரிதான். கொழுப்பு ஏராளமாக இருக்கிறது, ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. வேகமாகப் புறப்பட்டால் கிளைகோஜனின் பங்கு கூடி, இருப்பு இன்னும் சீக்கிரம் தீரும்.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் கவனித்தேன். பயிற்சியில் உங்களின் மிக நீண்ட லாங் ரன் 26 கிமீ. வழியில் எடுத்தது இரண்டே ஜெல் (சர்க்கரைக் கூழ் பாக்கெட்), அதுவும் 25 கிமீக்கு மேல். ஒரு ஜெல்லில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை தேவை என்பது பொதுவான பரிந்துரை. அப்படியானால் முதல் ஜெல்லைப் பசி எடுக்கும் முன்பே, 40, 45 நிமிடத்தில் எடுக்க வேண்டும். ஜெல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் என்று லாங் ரன்னில் பழகிப் பார்த்துவிட்டு வரலாம். போட்டி நாளில் புதிதாக எதையும் வயிற்றுக்குள் போடாதீர்கள்.

புறப்பட்ட முதல் ஐந்து கிலோமீட்டர் ஸ்ப்ளிட்டையும் (அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்த நேரம்) எடுத்துப் பாருங்கள். அதிகாலை இருட்டு, கடற்காற்று, சுற்றிலும் கூட்டம். அந்த நேரத்தில் எந்த வேகமும் மெதுவாகத்தான் தெரியும். சுவரில் முட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

ஹாஃப் 2 மணி நேரத்துல ஓடுறேன். ஆப் 4:10 வரும்னு சொல்லுது. ஏன் வரலை?

பல ஆப்களுக்கு அடிப்படை, அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977ல் வெளியிட்ட சூத்திரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் 2 மடங்கு இல்லை, 2.085 மடங்கு ஆகும் என்கிறது அது. 2:00க்கு 4:10, 2:15க்கு 4:41. கணக்கு சரி. ஆனால் இரண்டு தூரத்துக்கும் சம அளவில் தயாரானவருக்கே அது பொருந்தும். வாரத்துக்கு 35 கிமீ ஓடுகிற நம்மில் பலர் ஹாஃபுக்குப் போதுமான பயிற்சியோடு ஃபுல்லுக்குப் போகிறோம். முந்தைய கேள்வி கேட்டவரும் 4:10ஐ நம்பித்தான் 2:05ல் பாதியைத் தொட்டார். முதல் ஃபுல் ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது: ஆப் சொன்னதோடு 20 நிமிடம் கூட்டி, அந்த நேரத்துக்குப் போகும் பேசர் பஸ்ஸில் (குறித்த நேரத்தில் முடிக்க சீரான வேகத்தில் வழிநடத்துபவரோடு ஓடும் கூட்டம்) ஏறுங்கள். 35வது கிலோமீட்டரில் தெம்பு இருந்தால் அங்கே இறங்கி முன்னால் போங்கள்.

புழுக்கம்தான் காரணம்னு சொன்னா, சாக்குப்போக்குங்கறாங்க. உண்மையில எவ்வளவு பாதிக்கும்?

நன்றாகவே பாதிக்கும். உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். சட்டை நுனியிலிருந்து சொட்டி விழுந்த வியர்வையால் எந்தப் பயனும் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் சென்னைக் காலையில் ஆவியாவது குறைந்துபோகும். உடல் சூடு ஏற, தோலைக் குளிர்விக்க இதயம் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்பும், தசைக்குப் போவது குறையும். அதனால்தான் வேகம் அப்படியே இருக்கும்போது இதயத் துடிப்பு மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. வெப்பமானியில் 22 டிகிரி என்று பார்த்து ஏமாறாதீர்கள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஃபுல் அதிகாலை 4 மணிக்குப் புறப்படுகிறது, ஜனவரியில் சூரியன் உதிப்பது ஆறரை வாக்கில். மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு வெயில் ஒரு மணி நேரம். ஐந்தரை மணி நேரம் எடுப்பவருக்கு மூன்று மணி நேரம், அதுவும் மிகக் களைத்த பகுதியில். ஒரே பாதையில் ஓடினாலும் அவர்கள் இருவரும் ஓடியது ஒரே போட்டி இல்லை. நானே ஒரு டிசம்பரில் கோவையின் குளிரில் ஹாஃபை 1:58ல் முடித்துவிட்டு, மூன்று வாரம் கழித்துச் சென்னையில் அதே உழைப்பில் 2:04 ஓடினேன். கோவை நேரத்தைச் சென்னை நேரத்தோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோகாதீர்கள். சென்னையைச் சென்னையோடு ஒப்பிடுங்கள்.

எல்லா ஸ்டேஷன்லயும் ரெண்டு கப் தண்ணி குடிச்சேன். அப்படியும் கடைசில தலைசுத்தல், வாந்தி. இன்னும் குடிச்சிருக்கணுமா?

இல்லை, ஒருவேளை குறைத்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. போட்டியில் எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடுபவருக்குக் குடிக்க நேரம் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள். உப்புச் சேர்ந்த பானம் உதவும், ஆனால் அதையும் லிட்டர் கணக்கில் குடித்தால் இதே ஆபத்துதான்.

தலைசுத்தலுக்கு வேறு காரணங்களும் உண்டு. குழப்பம், கடும் தலைவலி, விரல் வீக்கம், வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் வீட்டில் படுத்துச் சமாளிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிறுநீரகத்துக்குக் கெடுதல், சோடியம் குறையும் அபாயத்தையும் கூட்டக்கூடியது. மறுநாள் சிறுநீர் கோகோ கோலா நிறத்தில் போனாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குகிற அளவுக்குத் தொடைவலி இருப்பது மட்டும் சாதாரணம், மூன்று நான்கு நாளில் போய்விடும்.

ஹாஃப்ல எங்க வீட்டுக்காரர் என்னைவிட 12 நிமிஷம் வேகம். ஃபுல்ல 36வது கிலோமீட்டர்ல அவரைத் தாண்டிட்டேன். இது எப்படி?

உங்களுக்கு என் வாழ்த்து! நீங்கள் சொன்ன ஸ்ப்ளிட்டுகளில் எந்த 5 கிமீயும் மற்றொன்றோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகவில்லை. பெரிய மாரத்தான்களின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, இரண்டாம் பாதியில் பெண்கள் ஆண்களை விடக் குறைவாகவே வேகம் இழக்கிறார்கள் என்பது. கொழுப்பை எரிப்பதில் பெண்களின் உடலுக்கு இருக்கும் சாதகம் ஒரு காரணம். தொடக்கத்தில் அவசரப்படாத நிதானம் இன்னொரு காரணம். அவர் முதல் பாதியை ஹாஃப் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடியிருப்பார், அதன் பலன் மேலே சொன்ன சுவர்தான். அடுத்த முறை முதல் 25 கிமீயை உங்களோடு சேர்ந்து ஓடச் சொல்லுங்கள்.

கட்-ஆஃபுக்கு (முடிக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு) 4 நிமிஷம் லேட். மெடல் கொடுத்தாங்க, ஆனா ரிசல்ட்ல பேர் இல்லை. நான் ஃபுல் ஓடினவன்தானா?

42.195 கிமீ ஓடினீர்கள். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் போட்டியை அதன் விதிப்படி முடித்தீர்களா என்றால், இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. “ஃபுல் தூரம் ஓடினேன், கட்-ஆஃப் 4 நிமிடத்தில் தவறியது” என்று சொல்லுங்கள், கேட்பவர்கள் மதிப்பார்கள். போக்குவரத்தைத் திறந்துவிடவும், விடியற்காலையிலிருந்து நிற்கும் தன்னார்வலர்களையும் போலீஸாரையும் அனுப்பவும் ஒரு நேரம் வைத்தே ஆக வேண்டும். நான்கு நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு ஆறு வினாடிக்கும் குறைவு. அடுத்த முறை எட்டக்கூடியதுதான்.

34வது கிலோமீட்டர்ல விட்டுட்டேன். ரிசல்ட்ல டிஎன்எஃப்னு (Did Not Finish, முடிக்கலைன்னு) பார்க்கவே கஷ்டமா இருக்கு அண்ணா.

எனக்குத் தெரியும் தம்பி. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், வேறு ஊரில், நானும் 33வது கிலோமீட்டரில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தேன். இடது கெண்டைக்காலில் முதலில் இழுப்பு, அப்புறம் ஊசி குத்துவது போன்ற வலி. அதற்கு முந்தைய மேசையில் தண்ணீர் தீர்ந்திருந்தது என்று பல மாதம் அதையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தக் கால் இரண்டு வாரமாகவே வலித்துக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறி ஃபினிஷுக்குப் போனபோது கழுத்தில் மெடலோடு நின்ற நண்பர்களைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தசை கிழியும் முன் நின்றதால் மூன்றாவது வாரமே ஓட முடிந்தது. எதனால் நின்றீர்கள் என்பதை இந்த வாரமே எழுதி வையுங்கள்: வலியா, வயிறா, வெயிலா, மனம் விட்டுப்போனதா. ஒரு மாதம் போனால் நினைவு தனக்கு வசதியான காரணத்தைத் தேடிக்கொள்ளும், என்னுடையது தேடிக்கொண்டதைப் போல.

வயசு 47. நாலு வருஷமா ஹாஃப் 2:05லயே நிக்குது. முன்னேற்றமே இல்லையே?

இருக்கிறது. உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் வயதுவாரி அட்டவணை உங்கள் நேரத்தை, உங்கள் வயதிலும் பாலினத்திலும் எட்டப்பட்ட உச்ச அளவோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் தரும். 60 என்றால் உள்ளூர் அளவு, 70 வட்டார அளவு, 80 தேசிய அளவு, 90 உலக அளவு. 43 வயதில் ஓடிய அதே 2:05ஐ 47ல் ஓடினால் அந்தச் சதவீதம் ஏறியிருக்கும். இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் கிடைக்கின்றன, போட்டுப் பாருங்கள். 25 வயதுப் பையன் உங்களை முந்திப் போனதைப் பற்றிய வருத்தமும் அதோடு பாதி குறையும்.

இருபதாயிரம் போட்டு கார்பன் ஷூ வாங்கினேன். ஒரு நிமிஷம்கூடக் குறையலையே?

அடியில் கார்பன் தகடு வைத்த அந்தக் காலணிகளைப் பற்றி முதலில் வந்த ஆய்வுகள் மணிக்கு 14 கிமீ முதல் 18 கிமீ வேகத்தில் ஓடுபவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. மணிக்கு 9 கிமீ வேகத்தில் ஓடுகிற நமக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஆசைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நேரத்தைக் குறைப்பது லாங் ரன்தான்.

நண்பனுக்குக் காய்ச்சல், அவன் பிப்ல நான் ஓடினேன். அவனோட வயசுப் பிரிவுல மூணாவது இடம் வந்துடுச்சு. என்ன செய்யறது?

இன்றே அமைப்பாளர்களுக்கு எழுதி, அந்த ரிசல்ட்டை நீக்கச் சொல்லுங்கள். 52 வயதுக்காரரின் பிப்பில் 34 வயதுக்காரர் ஓடியதால், நான்காவதாக வந்த ஒருவர் பல வருட உழைப்புக்குப் பிறகு மேடை ஏறாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். வயது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. நீங்கள் வழியில் மயங்கி விழுந்திருந்தால், அந்த எண்ணை வைத்து உங்கள் நண்பரின் ரத்த வகையையும் உடல்நிலையையும் பார்த்திருப்பார்கள். போன் அவர் மனைவிக்குப் போயிருக்கும். பெயர் மாற்ற அனுமதிக்கும் போட்டிகள் உண்டு, முறைப்படி மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பணம் போகட்டும்.

ஒருத்தருக்கு 30 கிமீ ஸ்ப்ளிட்டே இல்லை. குறுக்கு வழியில போயிட்டார்னு குரூப்ல பேசறாங்க. உண்மையா?

ஒரு ஸ்ப்ளிட் இல்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் அப்படிச் சொல்லாதீர்கள். பிப் மடங்கியிருந்தாலோ, இடுப்புப் பையின் பின்னால் மறைந்திருந்தாலோ விரிப்பு சிப்பைப் படிக்காமல் விடும். முன்னும் பின்னும் உள்ள ஸ்ப்ளிட்டைப் பாருங்கள். 25க்கும் 35க்கும் இடையே அவருடைய வழக்கமான வேகம் இருந்தால் விஷயம் அங்கே முடிந்தது. நம்ப முடியாத பாய்ச்சல் தெரிந்தால் அமைப்பாளர்களிடம் தனியாகச் சொல்லுங்கள், குரூப்பில் வேண்டாம். பெயர் அடிபட்ட அந்த ஓட்டக்காரர், தன் வாட்ச் பதிவையும் வழியில் எடுத்த படங்களையும் அனுப்பித் திருத்தக் கேட்கலாம்.

ரெண்டு வாரத்துல மும்பை இருக்கு. சென்னையில விட்டதை அங்க பிடிச்சுடலாமா?

வேண்டாம். சென்னை ஜனவரி தொடக்கத்தில், மும்பை ஜனவரி மூன்றாவது ஞாயிறு. நடுவில் தசை ஆறவே போதுமான நாள் இல்லை. ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடும் ஓட்டம் கூடாது என்பது பழைய ஓட்டக்காரர்களின் கணக்கு. ஃபுல்லுக்கு 26 நாள். பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்றால் போங்கள். நேரத்தை மறந்துவிட்டு மெதுவாக ஓடுங்கள், உடம்பு வேண்டாம் என்றால் நின்றுவிடுங்கள்.

அடுத்த ஜனவரிக்கு என்ன இலக்கு வைக்கலாம்?

இந்த வருட ஸ்ப்ளிட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் பாதியில் 36 நிமிடம் இழந்தவருக்கு வேகப் பயிற்சி முதல் தேவை இல்லை. இரண்டு பாதிக்கும் 10 நிமிடத்துக்குள் வித்தியாசம் என்பதே அவருக்கு நல்ல இலக்கு. 2:05, 2:41 ஓடிய நண்பர் 2:14, 2:22 ஓடினாலே 4:36 வந்துவிடும், பத்து நிமிடம் மிச்சம். அவர் வேகம் ஒரு துளியும் கூட வேண்டியதில்லை.

பிப்ரவரி முழுக்க மனம் போனபடி ஓடுங்கள். போட்டிக்கு அப்புறம் ஒரு வெறுமை வரும், அது பலருக்கும் வருவதுதான். மார்ச்சிலிருந்து வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஏப்ரல், மே மாதங்களில் ஈசிஆரில் ஓடும்போது அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு 30, 40 வினாடி கூடுதலாக வரும். அந்த மாதங்களில் வாட்ச்சைத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். லாங் ரன்னை ஆகஸ்டில் 18 கிமீயில் தொடங்கி, டிசம்பர் நடுவுக்குள் 30, 32 கிமீயை மூன்று முறையாவது தொட்டுவிடுங்கள். ஜெல்லையும் அந்த மூன்று முறையும் போட்டியில் எடுப்பது போலவே எடுத்துப் பாருங்கள்.